ஆயில் மூடியில் வெள்ளைப் பசை: நீலத் திரவச் சோதனைக் கருவி எனக்குச் சொன்னதும் சொல்லாததும்

அப்பா இருபத்தோரு வருடம் ஓட்டிய கார் இப்போது என்னிடம் இருக்கிறது. 1998 மாடல், நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். ஓடிய தூரம் 1,64,000 கிலோமீட்டர். எந்தத் தேதியில் ஆயில் மாற்றினார், எந்தத் தேதியில் பெல்ட் மாற்றினார் என்று எல்லாவற்றையும் கோடு போட்ட நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருக்கிறார். அந்த நோட்டும் காரோடு என்னிடம் வந்தது.

ஒரு நாள் காலையில் ஆயில் கொஞ்சம் ஊற்றலாம் என்று மூடியைத் திருகி எடுத்தேன். மூடியின் உள்பக்கம் முழுக்க வெளிறிய மஞ்சள் கலந்த வெள்ளைப் பசை. விரலால் வழித்தால் முகத்துக்குப் பூசும் கிரீம் மாதிரி வந்தது. ஊற்றும் வாயின் கழுத்திலும் அதே பசை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆயிலில் தண்ணீர் கலந்தால் இன்ஜினே போய்விடும் என்று மட்டும் தெரியும். அதற்கு மேல் அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது.

காரை ஒரு கேரேஜுக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். அங்கிருந்தவர் மூடியைத் திருப்பிப் பார்த்தார், அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. "ஆயில்ல தண்ணி கலந்துடுச்சும்மா. ஹெட் கேஸ்கெட் போச்சு. ஹெட்டைக் கழட்டியே ஆகணும்" என்றார். இன்ஜினின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கெட். எரியும் வாயு, தண்ணீர், ஆயில் மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் அது பிரித்து வைக்கும். ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை அவர் உருவிப் பார்க்கவில்லை. ரேடியேட்டரைத் திறக்கவில்லை. எத்தனை தூரம் ஓட்டுகிறேன், தண்ணீர் குறைகிறதா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம், ஆனால் அரை நிமிடத்தில் அதைச் சொல்ல முடியாது என்று மனசு சொன்னது. யோசித்துச் சொல்கிறேன் என்று காரை எடுத்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வாங்கியதுதான் இந்தக் கருவி. பிளாக் டெஸ்டர் என்பார்கள், கம்பஸ்ஷன் லீக் டெஸ்டர் என்றும் சொல்வார்கள். இரண்டு அறையுள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய், மேலே அமுக்கும் ரப்பர் பல்ப், கீழே ரேடியேட்டர் வாயில் பொருத்தும் ரப்பர் கூம்பு, ஒரு பாட்டில் நீலத் திரவம், மடித்த ஒற்றைத் தாளில் செய்முறை. இவ்வளவுதான். சில நாள் கழித்து, கையால் காற்றடித்து கூலிங் சிஸ்டத்தைச் சோதிக்கும் பிரஷர் பம்ப் ஒன்றையும் வாங்கினேன். இரண்டையும் மூன்று வாரம் பயன்படுத்திவிட்டுத்தான் எழுதுகிறேன். மூடியில் பசையைப் பார்த்துப் பதறிப்போய் நிற்கிறவர்கள் எதையும் வாங்கும் முன் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

முதலில் அந்தப் பசை என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆயிலும் தண்ணீரும் சேர்ந்து கடையப்பட்டால் இப்படி வெளுத்துக் கெட்டியாகும். இதில் சந்தேகமில்லை. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. இன்ஜினைக் குளிர்விக்க ரேடியேட்டர் வழியே சுற்றும் திரவமான கூலண்டைத் தவிர வேறு வழியே இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. குளிர்ந்த காலையில் வண்டியைக் கிளப்பியதும் சைலன்சர் சொட்டுவது இதனால்தான். இந்த நீராவியில் பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். ஒரு சிறு பகுதி பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஆயில் இருக்கும் பக்கம் இறங்கும். பழைய இன்ஜினில் ரிங் தேய்ந்திருக்கும், அதனால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடானால் அந்த ஈரம் ஆவியாகி, ஆயில் பக்கத்து ஆவியை இழுத்து இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் பி.சி.வி. வால்வு வழியாக உறிஞ்சப்பட்டு, மறுபடி எரியப் போய்விடும். சூடாகும் முன்பே வண்டியை நிறுத்திவிட்டால் எங்கே போகும்? இன்ஜினிலேயே குளிர்ந்த இடம் எதுவோ அங்கே போய் ஒட்டும். ஆயில் மூடிதான் அந்த இடம். உயரத்தில் இருக்கிறது, பிளாஸ்டிக்கால் ஆனது, வெளிக்காற்று படுகிறது.

நான் தினமும் ஓட்டுவது போக மூன்று கிலோமீட்டர், வர மூன்று கிலோமீட்டர். வண்டி பத்து நிமிடம்கூடத் தொடர்ந்து ஓடுவதில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் கூலண்ட் சூடாகிவிடலாம், ஆனால் ஆயில் சூடாக அதைவிட வெகுநேரம் ஆகும். அப்பா இதே காரைத் தினமும் ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டிருந்தவர். அவர் நோட்டில் மூடிப் பசையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எனவே கருவி கைக்கு வருவதற்கு முன் காசில்லாமல் செய்யக்கூடிய வேலைகளைச் செய்தேன். உண்மையைச் சொன்னால் பாதி விடை இதிலேயே கிடைத்துவிட்டது.

டிப்ஸ்டிக்கை உருவினேன். மேல்பகுதியில், குழாயின் வாயை ஒட்டி, லேசாக வெள்ளை படிந்திருந்தது. ஆனால் நுனியில், ஆயிலில் மூழ்கியிருக்கும் பகுதியில், ஆயில் கறுப்பாகத் தெளிவாக இருந்தது. இந்த வித்தியாசத்தை உற்றுப் பார்க்க வேண்டும். மேலே மட்டும் வெளுத்திருந்தால் அது பெரும்பாலும் உள்ளே ஒடுங்கிய நீராவி. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் இருக்கும் ஆயிலே பால் காபி நிறத்துக்கு மாறி, மட்டமும் ஏறியிருந்தால் கூலண்ட் இறங்குகிறது என்று பயப்படலாம். அந்த நிலையில் இன்ஜினைக் கிளப்பவே கூடாது, வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். கூலண்டில் இருக்கும் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் பேரிங்கை அரிக்கும், ஆயில் படலமும் நிற்காது. சில கிலோமீட்டரில், இன்ஜினில் சுழலும் தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங் போய்விடலாம்.

அப்புறம் கூலண்ட் டப்பாவின் வெளிப்புறத்தில், காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது இருந்த மட்டத்தில், ஒரு டேப் ஒட்டி வைத்தேன். தினமும் காலையில் பார்த்தேன். மூன்று வாரத்தில் டேப்பை விட்டு மட்டம் நகரவே இல்லை. ஆயில் மட்டமும் ஏறவில்லை. ஒரு முழ டேப்பும் கொஞ்சம் பொறுமையும் போதும், இதைவிட நம்பகமான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆயில் சொட்டைச் சூடான இரும்புத் தகட்டில் விட்டுப் பார்க்கும் சோதனையும் செய்தேன். தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும். மூடியில் வழித்த பசையை விட்டேன், பொரிந்தது. டிப்ஸ்டிக் நுனியிலிருந்து எடுத்த சொட்டை விட்டேன், சத்தமே இல்லாமல் பரவிப் புகைந்தது. செய்கிறவர்கள் கண்ணாடி அணிந்து, திறந்த வெளியில், ஒரு சொட்டுக்கு மேல் விடாமல் செய்யுங்கள். தண்ணீர் இருக்கிறதா என்று மட்டுமே இது காட்டும். கூலண்டா நீராவியா என்று பிரித்துச் சொல்லாது.

கருவி வந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஹெட் கேஸ்கெட் எரிந்து, சிலிண்டருக்கும் தண்ணீர்ப் பாதைக்கும் இடையில் வழி விழுந்தால், எரிந்த வாயு கூலண்டுக்குள் புகும். அது ரேடியேட்டரின் மேல் பகுதியில் குமிழியாக வந்து சேரும். பெட்ரோல் இன்ஜின் புகையில் கார்பன் டை ஆக்சைடு நூற்றுக்குப் பதின்மூன்று பதினாலு பங்கு வரை இருக்கும். சாதாரணக் காற்றிலோ நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, வெறும் 0.04 தான். ரேடியேட்டர் வாயில் கூம்பை அழுத்தி வைத்துக்கொண்டு பல்பை அமுக்கி விட்டால், அங்கிருக்கும் காற்று நீலத் திரவத்தின் வழியாகக் குமிழி விட்டு மேலே ஏறும். கார்பன் டை ஆக்சைடு அதில் கரைந்து லேசான அமிலமாகும். புரோமோதைமால் ப்ளூ என்ற சாயம் அமிலம் பட்டதும் நீலத்திலிருந்து பச்சைக்கும் பிறகு மஞ்சளுக்கும் மாறும். பள்ளிக்கூட வேதியியல்தான். டீசல் இன்ஜினில் அந்த வாயு குறைவாக இருப்பதால் பெரும்பாலும் பச்சையோடு நின்றுவிடும் என்று தாளில் போட்டிருக்கிறது.

முதல் முறை திரவம் பச்சையானது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ஆனால் ஷெட்டின் கதவு பாதி மூடியிருந்தது, வண்டி உள்ளேயே பதினைந்து நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது என்பது சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. கருவியைக் காருக்குப் பக்கத்தில் வெறும் காற்றில் பிடித்துப் பல்பை அமுக்கினேன். அப்போதும் பச்சை. ஷெட்டில் தேங்கிய புகையைத்தான் அது காட்டியிருக்கிறது. மூடிய இடத்தில் வண்டியை ஓட விடுவது கருவியை ஏமாற்றும் என்பதைவிட, அதில் நிற்கிற ஆளின் உயிருக்கே ஆபத்து. அன்று நான் செய்தது பெரிய தவறு. செய்முறைத் தாளில் இதை முதல் வரியாக, பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறது. இந்தக் கருவியின் மேல் எனக்கு இருக்கும் முதல் குறை இதுதான்.

இரண்டாம் முறை வெளியே நிறுத்தினேன். ரேடியேட்டர் கழுத்து வரை கூலண்ட் நிரம்பியிருந்ததால், சூடாகி விரிந்து, கருவிக்குள்ளேயே ஏறிவிட்டது. கீழ் அறை கலங்கிப் போனது. கூலண்ட் கலந்த திரவத்தின் நிறத்தை நம்பக் கூடாது, கொட்டிவிட்டு அறையைக் கழுவ வேண்டும். ஒரு பாட்டில் திரவத்தில் இப்படி வீணாக்கியது எனக்கு இரண்டு நிரப்பு. அதனால் சொல்கிறேன்: வண்டி முழுக்கக் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழம் கூலண்டை உறிஞ்சி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். நான் பெரிய சிரிஞ்சு வைத்து எடுத்தேன். எடுத்த கூலண்டை மூடி போட்ட பாத்திரத்தில் குழந்தைகளுக்கும் நாய் பூனைகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். இனிப்பாக இருக்கும், விஷம்.

மூன்றாம் முறை எல்லாம் சரியாக அமைந்தது. தாளில் சொன்னபடி, வண்டியைக் கிளப்பிவிட்டு ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டு காத்திருந்தேன். "மேல் ஹோஸ் திடீரென்று சூடாகும், அப்போது தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று பொருள், அதன் பிறகு சோதனையைத் தொடங்கவும்" என்று தாள் சொல்கிறது. இன்ஜின் சூடாகும் வரை கூலண்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடி வைத்திருக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். நானும் அந்தத் திடீரென்றுக்காகக் காத்திருந்தேன். அது வரவே இல்லை. கிளப்பிய இரண்டாவது நிமிடத்திலேயே ஹோஸில் வெதுவெதுப்பு தெரிந்தது. அப்படியே மெல்ல மெல்ல ஏறியது. இருபது நிமிடம் ஆகியும் கையை எடுக்க வேண்டிய சூடு வரவில்லை. டேஷ்போர்டில் முள் கால்வாசியில் நின்றது.

சரி, ஓரளவு சூடாகிவிட்டதே என்று இரண்டு நிமிடம் பல்பை அமுக்கினேன். குமிழி குமிழியாக ஏறியது. திரவம் கொஞ்சமும் மாறாமல் ஆழ்ந்த நீலமாகவே இருந்தது. திரவத்துக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க, கூம்பின் வாயருகே மூச்சை விட்டுக்கொண்டே பல்பை அமுக்கினேன். நாம் விடும் மூச்சில் நாலு சதவீத அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. சில நொடியில் பச்சை, அப்புறம் மஞ்சள். தள்ளிப் போய் நல்ல காற்றை இழுக்கச் செய்ததும் மெதுவாக நீலத்துக்குத் திரும்பியது. ஆக, திரவம் நன்றாக இருக்கிறது, என் ரேடியேட்டரில் எரிந்த வாயு இல்லை. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆனால் காலையில் எழுந்தபோது அந்த ஹோஸ்தான் மனதில் நின்றது. அப்பாவின் நோட்டை எடுத்துப் புரட்டினேன். ஒரு பக்கத்தின் ஓரத்தில், "டெம்பரேச்சர் முள் எப்போதும் நடுவில்" என்று எழுதியிருந்தார். நான் ஓட்டத் தொடங்கியதிலிருந்து முள் கால்வாசியைத் தாண்டியதே இல்லை. வண்டி சூடாகவில்லை, நல்லதுதான் என்று இரண்டு வருடம் சந்தோஷமாக இருந்திருக்கிறேன். சூடாகாத இன்ஜினும் நோயாளிதான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வண்டி கொதிக்காமல் இருக்கட்டும் என்று சிலர் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அது தப்பு.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றினேன். இரண்டு போல்ட், ஒரு மெல்லிய கேஸ்கெட், கொஞ்சம் கூலண்ட் கொட்டும், அவ்வளவுதான் வேலை. கையில் எடுத்துப் பார்த்தால், குளிர்ந்த நிலையிலேயே தட்டு முழுக்க மூடாமல் இடைவெளி தெரிந்தது. தீக்குச்சி நுழையும் அளவு. புதியது 82 டிகிரி என்று முத்திரை குத்தியது. அதைப் பழைய பாத்திரத்தில் தண்ணீரில் போட்டு, தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்கிப் பார்த்தேன். எண்பதைத் தாண்டியதும்தான் அசையத் தொடங்கியது. பழையது எந்தச் சூட்டிலும் ஒரே மாதிரி வாய் பிளந்தே இருந்தது. இரண்டு வருடமாகக் கூலண்ட் கிளப்பிய நொடியிலிருந்தே ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து குளிர்ந்து வந்திருக்கிறது. மூன்று கிலோமீட்டரில் அந்த இன்ஜின் எங்கே சூடாகும்?

அதோடு பி.சி.வி. வால்வையும் பார்த்தேன். வண்டி ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, வாயின் மேல் ஒரு மெல்லிய தாளை வைத்தால், லேசாக உள்ளே இழுக்க வேண்டும். எனக்குத் தாள் மேலே மேலே துள்ளியது. வால்வைப் பிடுங்கிக் காதருகே குலுக்கினேன். உள்ளே இருக்கும் சின்னத் துண்டு கடகடவென்று ஆட வேண்டும். சத்தமே இல்லை, பிசின் பிடித்து இறுகிப் போயிருந்தது. ஈரம் வெளியேற வேண்டிய வழியே அடைபட்டிருக்கிறது. கருவி வாங்கும் முன்பே எவரும் செய்யக்கூடிய சோதனை இது. நான் தாமதமாகச் செய்தேன்.

இங்கேதான் கருவியைப் பற்றிய என் முக்கியமான கருத்தைச் சொல்ல வேண்டும். நீலத் திரவம் மாறவில்லை என்றால் ஹெட் கேஸ்கெட் நல்லபடி இருக்கிறது என்று அர்த்தமில்லை. எரிந்த வாயு கூலண்டுக்குள் வருகிறதா என்ற ஒரே ஒரு கேள்விக்குத்தான் அது பதில் சொல்கிறது. கேஸ்கெட்டில் தண்ணீர்ப் பாதைக்கும் ஆயில் பாதைக்கும் நடுவில் மட்டும் பழுது இருந்தால், சிலிண்டருக்கு அதில் சம்பந்தமே இல்லை. ஆயில் பால் ஆகும், திரவம் நீலமாகவே இருக்கும். தண்ணீரால் குளிரும் ஆயில் கூலர் உள்ள இன்ஜினில் கூலர் உள்ளே ஓட்டையானாலும் இதே கதைதான். வண்டி ஓடும்போது ஆயிலின் அழுத்தம் அதிகம் என்பதால் ஆயில் கூலண்டுக்குள் போகும், நிறுத்திய பிறகு கூலண்டின் அழுத்தம் மிஞ்சி ஆயிலுக்குள் இறங்கும். சில வி வடிவ இன்ஜின்களில் இன்ஜினுக்குக் காற்று போகும் பாதையான இன்டேக் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டும் இந்த வேலையைச் செய்யும். வெள்ளைப் பசையைப் பார்த்துப் பயந்து வாங்குகிறவர்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது இந்தப் பாதைதான். இந்தக் கருவியால் அதைப் பார்க்க முடியாது. பெட்டியின் மேல் வெள்ளை ஆயிலின் படத்தைப் போட்டு விற்கிறார்கள். உள்ளே இருக்கும் தாளில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது எனக்குக் கோபத்தையே தந்தது.

அதற்காகத்தான் பிரஷர் பம்ப். ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் அதன் அடாப்டரைப் பூட்டி, கையால் காற்றடித்து, மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். மூடியில் எவ்வளவு அழுத்தம் போட்டிருக்கிறதோ அதற்கு மேல் ஏற்றக் கூடாது. என் மூடியில் 0.9 பார், ஏறத்தாழ 13 பி.எஸ்.ஐ. பழைய ரேடியேட்டர், பழைய ஹீட்டர் கோர், ஆர்வத்தில் ஏற்றினால் நல்லதாக இருந்ததும் கிழியும். வண்டி குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருந்தால் கூலண்ட் ஆறும்போது முள் தானாக இறங்கும், ஓட்டை என்று நினைத்துவிடுவோம்.

இருபது நிமிடத்தில் முள் 0.7க்கு இறங்கியது. மறுபடி மனசு கனத்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஹோஸாகத் தடவிக்கொண்டே போனேன். ஹீட்டருக்குப் போகும் ஹோஸின் கிளாம்ப் அருகே விரலில் ஈரம் பட்டது. கிளாம்பை அரைச்சுற்று இறுக்கிவிட்டு மறுபடி அடித்தேன். ஒரு மணி நேரம் முள் அசையவில்லை. சம்ப்புக்குள் இறங்கும் ஓட்டை இருந்தால் வெளியே எங்கும் ஈரம் தெரியாமல் முள் மட்டும் இறங்கியிருக்கும்.

அந்த அழுத்தத்தை விடாமல் அப்படியே இரவு முழுக்க வைத்தேன். காலையில் இன்ஜினைக் கிளப்பாமல் கீழே படுத்து, சம்ப்பின் டிரெயின் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தினேன். ஆயிலைவிடத் தண்ணீர் கனம், கூலண்ட் இன்னும் கனம். இரவு முழுக்க அசையாமல் இருந்தால் அது அடியில் தங்கி, போல்ட்டைத் தளர்த்தியதும் முதலில் வரும். கண்ணாடிக் குப்பியில் பிடித்தேன். கறுப்பு ஆயில்தான் வந்தது. வெளுப்பும் இல்லை, அடியில் நிறமான சொட்டும் இல்லை. எப்படியும் ஆயில் மாற்ற வேண்டிய நேரம்தான், முழுக்க வடித்துப் புது ஆயில், புது ஃபில்டர் போட்டேன். யாராவது என்னிடம் ஒரே ஒரு சோதனையைச் சொல் என்று கேட்டால் இந்த இரவுச் சோதனையைத்தான் சொல்வேன். நீலத் திரவம் அதற்கு அடுத்தபடிதான்.

புது தெர்மோஸ்டாட், புது பி.சி.வி. வால்வு, துடைத்த மூடி. நெடுஞ்சாலையில் நாற்பது நிமிடம் ஒரே சீராக ஓட்டினேன். முள் நடுவில் வந்து நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே அப்பாவின் அந்த வரியை நினைத்துக்கொண்டேன். இப்போதும் தினமும் மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் வாரத்துக்கு ஒரு முறையாவது அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுகிறேன். குளிரான வாரங்களில் மூடியில் லேசான ஈரப்பூச்சு தெரியும், அடுத்த நீண்ட ஓட்டத்தில் போய்விடும். பசை திரும்ப வரவில்லை.

கருவியின் மதிப்பு எனக்கு முழுதாகத் தெரிந்தது அதற்குப் பிறகுதான். அக்காவின் வீட்டுக்காரர், அத்தான், தன் காரையும் பார்க்கச் சொன்னார். அதுவும் பழைய வண்டி. "மூடியெல்லாம் சுத்தமா இருக்கும்மா, தண்ணிதான் அப்பப்போ குறையுது, வாரம் ஒரு பாட்டில் ஊத்துறேன்" என்றார். மூடியைத் திறந்தேன், பசையின் சுவடே இல்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவு. ஆனால் காலையில் கிளப்பிய ஒரே நிமிடத்தில், வண்டி சூடாகும் முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகியது. ஹீட்டரில் சில நேரம் குளிர்ந்த காற்றுதான் வருகிறது என்றார். திறந்த வெளியில் நிறுத்தி, கூலண்டைக் குறைத்து, கூம்பை வைத்துப் பல்பை அமுக்கினேன். பத்துப் பன்னிரண்டு அமுக்கிலேயே பச்சை. ஒரு நிமிடத்துக்குள் நல்ல மஞ்சள். திரவத்தை மாற்றி இன்னொரு முறை பார்த்தேன், மறுபடியும் மஞ்சள்.

அத்தான் நம்பவில்லை. "அப்போ ஆயில் ஏன் வெள்ளையா இல்ல?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிக் காட்டினேன். மூன்று பிளக் வழக்கமான பழுப்பு. இரண்டாவது சிலிண்டரின் பிளக் மட்டும் நீராவியில் கழுவியது போலப் பளிச்சென்று இருந்தது. தண்ணீர் சிலிண்டருக்குள் போய், ஆவியாகி, சைலன்சர் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. ஆயில் பக்கம் வரவே இல்லை. அவருக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் ஹெட்டைக் கழற்றினார். கேஸ்கெட்டில் இரண்டாம் சிலிண்டரைச் சுற்றிய உலோக வளையம் தண்ணீர் ஓட்டையை நோக்கி ஓரிடத்தில் அரித்திருந்தது. ஹெட்டின் அடிப்பரப்பை நேர்கோல் வைத்து அளந்து, வளைவு இருந்ததால் சீவிவிட்டுத்தான் புது கேஸ்கெட் போட்டார். கேஸ்கெட் மாற்றுபவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. வளைந்த ஹெட்டில் புதுக் கேஸ்கெட் நிற்காது.

பசை நிறைந்த என் காரில் கேஸ்கெட் நன்றாக இருந்தது. பசையே இல்லாத அத்தான் காரில் அது போயிருந்தது. அந்தக் கேரேஜில் மூடியை மட்டும் பார்த்துச் சொன்னதை நான் நம்பியிருந்தால், நல்ல ஹெட்டைக் கழற்றி, தெர்மோஸ்டாட்டை அப்படியே விட்டு, மறுபடி பூட்டியிருப்பார்கள். ஒரு மாதத்தில் பசை திரும்ப வந்திருக்கும்.

ஆகவே யாருக்கு இந்தக் கருவி? தண்ணீர் குறைகிறது, எங்கே போகிறது என்று தெரியவில்லை, ஹோஸ் இறுகுகிறது, ரேடியேட்டரில் குமிழி வருகிறது என்றால் தயங்காமல் வாங்கலாம், ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். மூடியில் பசை மட்டும்தான், தண்ணீர் குறையவில்லை, டிப்ஸ்டிக் நுனி தெளிவு என்றால் இப்போதைக்கு வேண்டாம். டேப் ஒட்டுங்கள், தெர்மோஸ்டாட்டையும் பி.சி.வி.யையும் பாருங்கள், ஒரு நீண்ட ஓட்டம் போய் வாருங்கள். ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் பிரஷர் பம்பை வாங்குங்கள். அதன் மீட்டரில் எண்கள் பொடியாக இருக்கின்றன, என் வயதுக்குக் கண்ணாடி போடாமல் படிக்க முடியவில்லை. அடாப்டர் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் கூலண்ட் தடவினால்தான் காற்று ஒழுகாமல் பிடிக்கிறது. அது தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நீலத் திரவப் பாட்டிலை இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் மூச்சு விட்டு மஞ்சளாகிறதா என்று பாருங்கள், மாறாவிட்டால் அந்தத் திரவத்தை நம்பாதீர்கள். கருவியின் ரப்பர் கூம்பு எனக்கு மூன்றாவது வாரத்திலேயே ஓரத்தில் வெடித்துவிட்டது. அகலமான கூலண்ட் டப்பா வாய்க்கும் அது சரியாகப் பொருந்துவதில்லை, பக்கவாட்டில் வெளிக்காற்று புகுந்துவிடுகிறது. கூம்பு மட்டும் தனியாக விற்பதில்லை என்று விற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். பழைய ரேடியேட்டர் ஹோஸில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டி, கூம்பின் மேல் இறுக்கமாக மாட்டியிருக்கிறேன். அத்தான் காரை ஹெட் மாற்றிய பிறகு அந்த வளையத்தோடுதான் மறுபடி சோதித்தேன். ஐந்து நிமிடம் அமுக்கினேன், நீலம் மாறவில்லை.